24 எங்கே போயிற்று? மயூர் விஹாரின் வழிகாட்டிப் பலகைகள் குறித்து

டெல்லியின் கிழக்கே, யமுனைக்கு அப்பால், மயூர் விஹாரின் முதல் கட்டத்தையும் இரண்டாம் கட்டத்தையும் பிரித்துக்கொண்டு ஒரு பெருஞ்சாலை ஓடுகிறது. அதன் பெயரை அங்கே நால்வரிடம் கேட்டால் நான்கு விடைகள் கிடைக்கும். முப்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவர் ‘இருபத்துநாலு’ என்பார். அரசிதழைப் பார்த்தவர் 9 என்பார். செய்தித்தாள் படிப்பவருக்கு அது டெல்லி–மீரட் விரைவுச்சாலை. ஆட்டோ ஓட்டுநருக்கு அக்ஷர்தாம் சாலை. நான்கில் ஒன்றும் பொய்யில்லை. ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் இருப்பது எந்த மொழிக்கும் புதிதன்று. உள்ளூரில் வாழ்பவர் இந்நான்கையும் தயக்கமின்றி மாற்றி மாற்றி வழங்குவார். வழிகாட்டிப் பலகை உள்ளூராருக்காக எழுதப்படுவதில்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல். வழி தெரிந்தவர் பலகையை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. பலகைக்கு உரிய ஒரே வாசகர் அந்த ஊருக்குப் புதியவர். அவருக்கு இந்நான்கும் ஒன்றே என்று சொல்லுவார் எவருமில்லை.

எண்ணிலிருந்து தொடங்கலாம். 2010ஆம் ஆண்டுவரை இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களில் ஒழுங்கு குறைவு. அவ்வாண்டு மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எண்கள் அனைத்தையும் புதிய முறைக்கு மாற்றியது. வடக்கு தெற்காகச் செல்பவை இரட்டைப்படை எண்கள் பெற்றன. கிழக்கு மேற்காகச் செல்பவை ஒற்றைப்படை எண்கள் பெற்றன. இரட்டை எண்கள் கிழக்கே தொடங்கி மேற்கு நோக்கி வளரும். ஒற்றை எண்கள் வடக்கே தொடங்கித் தெற்கு நோக்கி வளரும். ஆகவே 1 காஷ்மீரத்தில் இருக்கிறது, 87 இராமேசுவரத்துக்குச் செல்கிறது. 2 வடகிழக்கில் இருக்கிறது, 66 மேற்குக் கடற்கரையைத் தொடர்கிறது. அமெரிக்கா 1957இல் தன் மாநிலங்களிடைச் சாலைகளுக்கு வகுத்த எண்முறையின் கண்ணாடிப் பிம்பம் இது. அங்கே வடக்கு தெற்குச் சாலைகளுக்கு ஒற்றைப்படை. எண்கள் வளர்வதும் மேற்கிலிருந்து கிழக்காக, தெற்கிலிருந்து வடக்காக.

கிளைச்சாலைகளுக்கு மூன்று இலக்கம். கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச்சாலையைச் சொல்லும். முதல் இலக்கம் கிளையின் வரிசையைச் சொல்லும். மேலும் பிரிந்தால் ஓர் எழுத்து பின்னால் ஒட்டிக்கொள்ளும். டெல்லியிலிருந்து பாக்பத், ஷாம்லி வழியாக சஹாரன்பூர் செல்லும் சாலை 709பி. இதில் 09 பகுதி, 7 முன்னொட்டு, பி விகுதி. பகுபத உறுப்பிலக்கணம் படித்த தமிழ் மாணவர் இதனை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார். எண்ணைப் பார்த்தவுடன் சாலையின் திசை, நாட்டில் அது கிடக்கும் இடம், தாய், வரிசை ஆகிய நான்கும் விளங்கிவிடும். அமைச்சகம் வெளியிட்ட ஆவணங்களில் இத்துணைச் செறிவான சிறு இலக்கணம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

இவ்விலக்கணத்தின்படி, டெல்லியிலிருந்து ஹாப்பூர், மொராதாபாத், பரேலி வழியாக லக்னோ சென்ற பழைய 24 துண்டுகளாக உடைந்தது. டெல்லியிலிருந்து ராம்பூர்வரையான பகுதி, பஞ்சாபின் மலோட்டில் தொடங்கி ஹிசார், ரோத்தக், டெல்லி வழியாக உத்தராகண்டின் பிதோராகட்டை நோக்கிச் செல்லும் புதிய 9இல் இணைந்தது. பரேலிக்கும் லக்னோவுக்கும் இடைப்பட்ட பகுதி 30இல் சேர்ந்தது. டெல்லிக்கு மேற்கே ரோத்தக் சாலை என்றும் 10 என்றும் வழங்கியதும், கிழக்கே 24 என்று வழங்கியதும் இப்போது ஒரே 9. முறையாகப் பார்த்தால் இது முன்னேற்றமே.

ஆனால் 24 என்னும் எண் சாகவில்லை. வேறிடத்தில் மறுபிறவி எடுத்தது. நேபாள எல்லையில் உள்ள சோனௌலியிலிருந்து கோரக்பூர் வழியாகத் தெற்கே சையத்ராஜா வரும் சாலைக்கு இப்போது அந்த எண். அச்சாலை வழியில் தொடும் நகரங்களுள் ஒன்றின் பெயர் காஜிப்பூர். மயூர் விஹாரிலிருந்து பழைய 24இல் கிழக்கே சென்றால் டெல்லி எல்லையில் வரும் இடத்தின் பெயரும் காஜிப்பூர்தான். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 800 கி.மீ. தொலைவு. ‘24இல் உள்ள காஜிப்பூர்’ என்னும் தொடர் 2010க்கு முன்பு ஓரிடத்தைச் சுட்டியது. பின்பு ஓர் எழுத்தும் மாறாமல் வேறோர் இடத்தைச் சுட்டுகிறது. சொற்பொருளியல் வகுப்பில் எடுத்துக்காட்டாக இதைப் புனைந்து சொன்னால் மாணவர் நம்பமாட்டார்.

எண் மாறி எட்டாண்டுகள் கழிந்து, 2018 மே 27 அன்று விரைவுச்சாலையின் முதற்பகுதி நிஜாமுதீன் பாலத்திலிருந்து உத்தரப்பிரதேச எல்லைவரை திறக்கப்பட்டபோதும், திட்ட ஆவணங்களில் அது 24ஆம் நெடுஞ்சாலையின் விரிவாக்கமாகவே குறிக்கப்பட்டிருந்தது. அடுக்குமாடி விளம்பரங்களிலும் கடை முகவரிகளிலும் 24 நீடித்தது. அந்த எண் தாங்கிய பலகைகளும் நெடுநாள் நின்றன. எண்ணை மாற்றுவதற்கு ஓர் அறிவிக்கை போதும். வழக்கை மாற்றுவதற்கு அது போதாது. சென்னையை மெட்ராஸ் என்றே சொல்லிப் பழகிய பாட்டனார்கள் தமிழகத்தில் இன்றும் இருக்கிறார்கள்; அவர்களை எவரும் குறை கூறுவதில்லை. குறை கூறத்தக்கது இடைக்காலத்துக்கு ஏற்பாடு செய்யாமை. பழைய எண்ணைச் சிறிய எழுத்தில் சில ஆண்டுகளுக்கேனும் புதிய எண்ணின் அடியில் காட்டியிருந்தால் பெரும்பகுதிக் குழப்பம் நேர்ந்திராது.

முதல் கட்டத்தில் வாழும் ஓய்வுபெற்ற தமிழர் ஒருவரைப் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து அவர் தம்பி மகள் வந்தாள். விமான நிலையத்தில் வாடகைக் காரில் ஏறிய அவளுக்குப் பெரியப்பா தொலைபேசியில் வழி சொன்னார். “சராய் காலே கானைத் தாண்டினதும் இருபத்துநாலைப் பிடிச்சு வரச் சொல்லும்மா.”

“இருபத்துநாலுன்னு ஒரு போர்டுமே கண்ணுல படலையே பெரியப்பா. ஒன்பதுன்னுதான் போட்டிருக்கு.”

“ஒன்பதா? அது எங்க போகுதோ! அதுல ஏறிடாதீங்க.”

ஓட்டுநரும் பீகாரிலிருந்து வந்து ஒரு மாதமே ஆனவர். வண்டி தயங்கி, நடுவிலுள்ள விரைவுப்பாதையில் ஏறி, மயூர் விஹாரை வலப்பக்கம் பார்த்துக்கொண்டே கடந்து, எல்லைவரை சென்று திரும்பி வந்தது. பெரியப்பா பலகை வைத்தவர்களை வைதார். பெண்ணுக்கு அதில் வியப்பொன்றுமில்லை. அவளுடைய ஊரில் சென்னைச் சாலையை எல்லாரும் 45 என்றே சொல்வார்கள். பலகையில் இருப்பது 32. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பிரிவது 132. செஞ்சி வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் பழைய 66 இப்போது 77. பழைய 45 மத்தியப் பிரதேசத்துக்கும் சத்தீஸ்கருக்கும் போய்விட்டது. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலைச் சிறுபாணாற்றுப்படை பாடியிருக்கிறது. வழியில் எதிர்ப்பட்ட பாணனுக்கு இன்ன ஊர், அதற்கடுத்து இன்ன ஊர் என்று நிலத்தின் அடையாளங்களோடு சொல்லிச் செல்லும் நூல் அது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே வழி தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லும் கூற்று. எதிரில் நிற்பவனுக்கு என்ன தெரியாது என்பதை அறிந்து பேசுவது அதன் அடிப்படை. பலகை எழுதும் துறைகளில் இவ்வறிவு அரிதாகவே காணப்படுகிறது.

எண் ஏன் இவ்வளவு முதன்மையானது? பலகையில் மொழிபெயர்ப்பு வேண்டாத ஒரே உறுப்பு அதுதான். அரசமைப்பின் 343ஆம் உறுப்பு ஒன்றிய அலுவல்களுக்கு இந்தி மொழியையும் தேவநாகரி எழுத்தையும் விதித்தபோதும், எண்களுக்கு மட்டும் இந்திய எண்களின் பன்னாட்டு வடிவத்தையே விதித்தது. அதனால் நாமக்கல்லிலிருந்து புறப்பட்ட லாரி ஓட்டுநர் ஒருவர், தமிழ் தவிர வேறெழுத்து அறியாதவராயினும், 44 என்னும் இரண்டு இலக்கங்களைப் பின்பற்றி டெல்லிவரை வந்துவிடலாம். 2010க்கு முன் அதே வழியில் 7, 26, 75, 3, 2 என ஐந்து எண்களை நினைவில் வைக்கவேண்டியிருந்தது. புதிய எண்முறை மிகுதியாக உதவியது எழுத்தறியாத, அல்லது அவ்வூர் எழுத்தை அறியாத ஓட்டுநருக்கே. டெல்லிக்குள் நுழைந்ததும் அவர்தாம் மிகுதியாக இடர்ப்படுகிறார். சரக்கை இறக்கவேண்டிய காஜிப்பூர்ச் சந்தைக்கு வழி கேட்டால் வாயால் சொல்பவர் அனைவரும் 24 என்கிறார்கள். கண்ணில் படுவது 9. சொல்லைப் படிக்கத் தெரிந்தவர் ‘காஜியாபாத்’ என்பதைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார். எண்ணை மட்டுமே நம்பி வந்தவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இந்த வேறுபாட்டை இடைக்காலத் தமிழகத்தில் கல் நட்டவர்கள் உணர்ந்திருந்தார்கள். தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவல்தாவளம் என்னும் ஊருக்கு இருபத்தொன்பது காதம் என்று அறிவிக்கிறது. எழுத்தால் சொல்லி, எண் குறியாலும் சொல்லி, பின்னும் நிறைவடையாமல் கல்லில் குழிகளை வெட்டியிருக்கிறார்கள்: பத்துகளுக்கு இரண்டு பெரிய குழிகள், ஒன்றுகளுக்கு ஒன்பது சிறிய குழிகள். படிக்கத் தெரிந்தவன் படிக்கட்டும். எண் தெரிந்தவன் எண்ணைப் பார்க்கட்டும். இரண்டும் தெரியாதவன் விரலால் தடவிப் பார்க்கட்டும். இருட்டில் வந்தவனுக்கும் அது உதவியிருக்கும். கோவையை அடுத்துக் கிடைத்த இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு தமிழெழுத்திலும் வட்டெழுத்திலும் வெட்டப்பட்டது. சோழர் எழுத்து வழங்கிய நாட்டுக்கும் வட்டெழுத்து வழங்கிய நாட்டுக்கும் இடையிலான வழி அது. இரண்டு கற்களும் வருகிறவன் யார் என்று கேட்டுக்கொண்டு எழுதப்பட்டவை.

மயூர் விஹார் என்னும் பெயருக்கே இனி வரலாம். ஒரு பெயரைப் பலகையில் எழுதி அம்புக்குறி இடவேண்டுமானால் அந்தப் பெயருக்குரிய இடம் ஒரு திசையில் இருக்கவேண்டும். மயூர் விஹார் அப்படி இல்லை. டெல்லி வளர்ச்சி ஆணையம் கட்டியபோது முதல், இரண்டாம், மூன்றாம் கட்டம் என்று கால வரிசையில் பெயரிட்டது. அவ்வரிசை நிலத்தில் தொடர்ச்சியாக அமையவில்லை. முதல் கட்டம் நெடுஞ்சாலைக்குத் தெற்கே. இரண்டாம் கட்டம் அதற்கு வடக்கே. மூன்றாம் கட்டமோ கோண்ட்லியையும் தாண்டித் தென்கிழக்கே, நொய்டா எல்லையருகில். கிழக்கு நோக்கி வரும் ஒருவருக்கு மயூர் விஹார் வலப்பக்கமும் உண்டு, இடப்பக்கமும் உண்டு, நேரே சென்று திரும்பினாலும் உண்டு. கட்ட எண் இல்லாமல் ‘மயூர் விஹார்’ என்று மட்டும் எழுதிய பலகை மூன்றில் ஒரு பங்கு உண்மையைத்தான் சொல்கிறது.

எண் எழுதினாலும் தீர்வதில்லை. சில இடங்களில் சாதாரண எண். சில இடங்களில் உரோமன் எண். உரோமன் ஒன்றும் ஆங்கிலத்தின் ‘ஐ’ என்னும் எழுத்தும் வடிவில் ஒன்றே. முதல் கட்டத்தின் குடியிருப்புப் பகுதிகளுக்குப் ‘பாக்கெட்’ 1, 2 என்று எண்களும், இரண்டாம் கட்டத்தினவற்றுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகளும் இருப்பதால், அந்த ஒற்றைக்கோட்டை எழுத்தாகப் படிப்பவரைக் குற்றம் சொல்ல இயலாது. மெட்ரோ நிறுவனம் தன் பங்குக்கு நான்கு நிலையங்களுக்கு இப்பெயரை வழங்கியிருக்கிறது. நீலத் தடத்தில் 2009இல் திறந்த மயூர் விஹார் 1, மயூர் விஹார் எக்ஸ்டென்ஷன். இளஞ்சிவப்புத் தடத்தில் 2018இல் திறந்த மயூர் விஹார் பாக்கெட் 1, கிழக்கு வினோத் நகர்–மயூர் விஹார் 2. மயூர் விஹார் 1இல் இறங்குவதும் மயூர் விஹார் பாக்கெட் 1இல் இறங்குவதும் வேறுவேறு. மூன்றாம் கட்டத்தின் பெயரில் மட்டும் நிலையம் இல்லை. நிலையப் பெயரை நம்பி மூன்றாம் கட்டத்துக்குப் போக நினைப்பவருக்கு அதுவே ஒருவகையில் நன்மை என்றுகூடச் சொல்லலாம்.

எல்லையின் பெயரும் இப்படித்தான். திட்ட ஆவணத்தில் அது உத்தரப்பிரதேச எல்லை. மக்கள் வழக்கில் யூ.பி. கேட். 2020 நவம்பர் முதல் 2021 டிசம்பர்வரை உழவர்கள் அங்கே சாலையில் அமர்ந்து போராடிய நாள்களில் நாடெங்கும் அது காஜிப்பூர் எல்லை என்று பெயர் பெற்றது. யூ.பி. கேட் என்னும் பெயரில் ஒரு பழைய மரபு தொடர்வதையும் கவனிக்கலாம். ஷாஜகான் எழுப்பிய நகரின் வாயில்கள் அவற்றின் வழியே சென்றால் எட்டும் ஊர்களின் பெயரைப் பெற்றன: லாகூர் வாயில், காஷ்மீர் வாயில், அஜ்மீர் வாயில். லாகூரில் அதற்கு மறுமொழி போல ஒரு டெல்லி வாயில் இருக்கிறது. வாயிலின் பெயர் உள்ளே நிற்பவன் பார்வையில் வைக்கப்பட்டது. வெளியிலிருந்து வருபவனுக்கு அது பின்பக்கம் திருப்பி எழுதிய பலகை. காஜியாபாத்திலிருந்து வருகிறவருக்கு யூ.பி. கேட் என்பது உத்தரப்பிரதேசம் முடியும் இடம்.

தொல்காப்பியம் அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டு என்கிறது. சுட்டின் பொருள் சொல்லுக்குள் இல்லை. சொல்பவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. அம்புக்குறியும் சுட்டுதான். ரான் ஸ்கொலானும் சூசி வாங் ஸ்கொலானும் 2003இல் வெளியிட்ட நூலில், பொதுவெளியில் உள்ள எழுத்தின் பொருளை அது நடப்பட்டுள்ள இடமே நிறைவு செய்கிறது என்று விரிவாகக் காட்டினர். அச்சகத்தில் கிடக்கும்போது ‘மயூர் விஹார் ←’ என்பதில் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. கம்பத்தில் ஏற்றியபின் இருபது மீட்டர் முன்னதாக ஏற்றினால் மெய், பின்னதாக ஏற்றினால் பொய். மேம்பாலச் சந்திப்புகளில் இன்னொரு முரணும் சேர்கிறது. வலப்பக்கம் உள்ள ஊருக்குச் செல்லவும் இடப்பக்கம் இறங்கித்தான் சுற்றவேண்டும். கண்ணெதிரே வலப்பக்கம் தெரியும் அடுக்குமாடிகளுக்கு அம்பு இடப்பக்கம் காட்டும்போது, புதியவர் ஒரு நொடி பலகையை நம்ப மறுக்கிறார். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி ஏறத்தாழ 28 மீட்டர் சென்றுவிடும்.

அந்த நொடிகளுக்குள்தான் எழுத்துகளும் வரிசையில் நிற்கின்றன. 2000ஆம் ஆண்டின் டெல்லி ஆட்சிமொழிச் சட்டம் இந்தியோடு பஞ்சாபியையும் உருதுவையும் இரண்டாம் ஆட்சிமொழிகளாக ஏற்றது. நகரச் சாலைகளின் பெயர்ப்பலகைகளில் தேவநாகரி, உரோமன், குர்முகி, உருது என நான்கு எழுத்துகளைக் காணலாம். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பலகைகளில் இந்தியும் ஆங்கிலமும்தாம். ஆகவே மயூர் விஹாரின் உட்சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறும் ஐந்து நிமிடப் பயணத்தில் இரண்டு மொழிகள் ஓசையின்றி இறங்கிவிடுகின்றன. மொழி உரிமையின் பக்கம் நின்று பார்த்தால் இது குறை. வேகத்தின் பக்கம் நின்று பார்த்தால், நான்கு எழுத்துகளில் நான்கு ஊர்ப்பெயர்கள் என்றால் பதினாறு சொற்கள். அதைக் கடந்துகொண்டே படிக்க இயலாது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மெதுவாகச் செல்லும் சாலையில் எழுத்துகளைக் கூட்டுவதும், விரைவுச்சாலையில் எண்ணையும் நிறத்தையும் முன்னிறுத்திச் சொற்களைக் குறைப்பதும் ஏற்கத்தக்க சமரசம். ஆனால் எண் உறுதியாக இருந்தால்தான் அந்தச் சமரசம் நிற்கும்.

தமிழகத்தில் இச்சிக்கல் வேறு முகத்தோடு வந்தது. 2017இல் வேலூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளின் தேசிய நெடுஞ்சாலைக் கற்களில் ஆங்கிலத்தை அழித்து இந்தியில் ஊர்ப்பெயர் எழுதியபோது கட்சிகள் பல எதிர்த்தன. அவ்விவாதம் பெரும்பாலும் இந்தித் திணிப்பு என்னும் தலைப்பில் நடந்தது, அது பொருத்தமானதே. எனினும் அதனடியில் இன்னொரு வினாவும் இருந்தது: அந்தக் கல் யாரை நோக்கிப் பேசுகிறது? கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வரும் ஓட்டுநர்களை அது கணக்கில் கொள்ளவில்லை. 2020 சூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக மாற்றி ஆணையிட்டுச் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. கோயம்புத்தூரின் புதிய எழுத்துக்கூட்டலைக் கண்டு சிரிக்காதவர் குறைவு. நோக்கத்தில் தவறில்லை. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிக்கும் தமிழரல்லாதார் அதை எப்படி ஒலிப்பார் என்று சோதித்துப் பார்த்ததாகத்தான் தெரியவில்லை.

இவையெல்லாம் ஏட்டுச் சிக்கல்கள் அல்ல. விரைவுச்சாலையின் டெல்லிப் பகுதி பதினான்கு தடங்கள் கொண்டது: நடுவே ஆறு தடங்கள் விரைவுப்பாதை, இருபுறமும் நான்கு நான்காக நெடுஞ்சாலை. ஒரே அகலத்தில், அருகருகே, இரண்டு வெவ்வேறு சாலைகள். நடுப்பாதைக்கு மூன்றாம் தேசிய விரைவுச்சாலை என்று தனிப்பெயர், பக்கப்பாதைக்கு 9. நடுவில் ஏறியவர் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் விரைவுப்பாதையில் இடமில்லை. உணவுப்பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞர் பலகையைத் தவறாகப் படித்து அதில் ஏறினால், அபராதம் அவருடைய ஒரு நாள் கூலியை விழுங்கும். அதற்கு அஞ்சி எதிர்த்திசையில் திரும்பினால் இழப்பது கூலியோடு நிற்காது. வழி தவறிய பலர் சாலையோரம் நிறுத்துகிறார்கள், பின்னோக்கி ஓட்டுகிறார்கள். அந்த நேரத்தில் அவர்களைத் திட்டுவது எளிது.

கைபேசி வரைபடம் வந்தபின் பலகை எதற்கு என்று கேட்பவர் உண்டு. பழைய 24 சென்றடைந்த பரேலியிலேயே அதற்கு விடை இருக்கிறது. 2024 நவம்பரில் வரைபடத்தைப் பின்பற்றிச் சென்ற கார் ஒன்று, முடிவுறாத பாலத்திலிருந்து ராம்கங்கை ஆற்றில் விழுந்து மூவர் இறந்தனர். பாலத்தை அணுகும் சாலை முந்தைய வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. வரைபடம் அதை அறியவில்லை. உரிய தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் வைக்கவில்லை என்று பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள்மீது வழக்குப் பதிவாயிற்று. வரைபடம் எங்கோ தொலைவில் இருந்துகொண்டு பேசுகிறது. பலகை அந்த இடத்தில் நின்றுகொண்டு பேசவேண்டியது. அங்கே ஒரு பழைய தகரத்தில் கரியால் ‘பாலம் இல்லை’ என்று எழுதி வைத்திருந்தாலும் மூவர் வீடு சேர்ந்திருப்பார்கள்.

மயூர் விஹாரைச் சுற்றிப் பலகை வைப்போர் பலர். நெடுஞ்சாலைக்குத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், நகரப் பெருஞ்சாலைக்கு டெல்லி பொதுப்பணித்துறை, நிலையத்துக்கு மெட்ரோ, எல்லை தாண்டினால் நொய்டா ஆணையம். 2001 முதல் டி.என்.டி. என்னும் பறவைச்சாலை தனியொரு நிறுவனத்தின் கையில். ஒவ்வொன்றும் தன் கோப்பில் அவ்விடத்துக்கு உள்ள பெயரைப் பலகையில் எழுதுகிறது. கோப்பில் அது சரியான பெயரே. நெடுஞ்சாலைத் துறைக்குச் சாலையின் கடைசி ஊர் முக்கியம், ஆகவே மீரட், ஹாப்பூர், லக்னோ. நகரத் துறைக்கு அடுத்த சந்திப்பு முக்கியம். மெட்ரோவுக்குத் தன் நிலையம் முக்கியம். ஒரு துறையின் பலகை முடிந்து அடுத்த துறையின் பலகை தொடங்கும் இடத்தில் முன்னது சொன்ன பெயரைப் பின்னது தொடர்ந்து சொல்லவேண்டும் என்பது எவர் பொறுப்பிலும் இல்லை. உரையாடலில் முன்வாக்கியத்தின் எழுவாயைப் பின்வாக்கியம் ஏற்றுக்கொள்ளாவிட்டால் கேட்பவர் “யாரைச் சொல்கிறீர்கள்?” என்று இடைமறிப்பார். பலகையை இடைமறிக்க வழியில்லை.

பிரிட்டனில் 1958இல் முதல் மோட்டார்ச்சாலையாகப் பிரெஸ்டன் புறவழி திறந்தபோது ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் பலகைகளை வடிவமைத்தனர். அவர்கள் எழுத்துருவை வரைவதற்கு முன் கேட்ட கேள்வி, வேகமாக வரும் ஒருவருக்கு அந்த இடத்தில் என்ன தெரிந்தாகவேண்டும் என்பது. பின்னர் அதே முறை நாட்டின் எல்லாச் சாலைகளுக்கும் விரிந்தது. அழகான எழுத்துரு என்று அதனைப் புகழ்பவர்கள், ஒரே கை நாடு முழுவதற்கும் எழுதியது என்பதை மறந்துவிடுகிறார்கள். இந்தியாவிலும் சாலைக் குறியீடுகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த நெறிமுறை இருக்கிறது. எழுத்தின் உயரம், நிறம், பலகையின் தொலைவு அனைத்தும் அதில் உண்டு. எந்தப் பெயரை எழுதுவது என்று பல துறைகள் கூடி முடிவு செய்யும் இடம்தான் கண்ணில் படவில்லை.

இப்போது இன்னொரு சாலை வந்துகொண்டிருக்கிறது. சராய் காலே கானிலிருந்து யமுனையைக் கடந்து மயூர் விஹாருக்கு வரும் பாராபுல்லா மேம்பாலத்தின் பணி 2015இல் தொடங்கிப் பல கெடுக்களைத் தாண்டிவிட்டது. அது புறப்படும் இடத்தில் உள்ள சௌக்குக்கு 2024 நவம்பரில் பிர்சா முண்டா சௌக் என்று பெயர் மாறியது. அது வந்து இறங்குவது மயூர் விஹாரின் முதல் கட்டத்தில். மேம்பாலத்தின் இந்தப் பகுதிக்குத் துறை வைத்திருக்கும் பெயர் மூன்றாம் கட்டம். செய்தித்தாள்கள் இரண்டு கட்டங்களையும் ஒரே வரியில் எழுதத் தொடங்கியாயிற்று. மூன்றாம் கட்டத்தில் குடியிருப்போர் சிலர் தங்கள் வீட்டு வாசலுக்கே பாலம் வரப்போவதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.